கொட்டிப்போன தண்ணீர்

மேடை ஓரத்தில் நின்றுகொண்டு, ஆடுகிற பிள்ளைகளுக்கு யாரும் அடி எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்தக் குழுவுக்கே மார்க் கிடையாது. கலைப்போட்டிக்குப் பஸ் ஏறுமுன் தாய்மார்களை வரிசையாக நிற்கவைத்து, வருஷா வருஷம் இதை மிரட்டிச் சொல்வதே டான்ஸ் டீச்சர் மிஸ் நோலாதான்.

அந்த மிஸ் நோலாவே, மாலுமி ஆட்டம் பாதியில் இருக்கும்போது, இடது பக்கத் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டார். தோளில் தண்ணீர் பாட்டில் தொங்க, கையை வீசிக் காலைத் தட்டி, தானும் ஒரு மாலுமி மாதிரி ஆட ஆரம்பித்தார். அத்தனை பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நடுவர் மணியை அடித்தார்.

அவ்வளவுதான். கோப்பை போச்சு.

போதாக்குறைக்கு, தன் பாட்டில் மேடையில் கொட்டிவிட்டது என்று சொல்லி, துடைக்கிற துணி கேட்டு வாங்கி, வலது ஓரத்தில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். பெற்றோர் கமிட்டித் தலைவி ரேலீனுக்கு மானம் போனது. மேடையிலிருந்து இறங்கி வந்த அவள் மகள் பிப்பா தேம்பித் தேம்பி அழுதாள். அவள் இடுப்பில் மிஸ் நோலாவின் கம்பளிச் சட்டை கட்டியிருந்தது. குழந்தைக்குக் குளிர் என்றார். ஆட்ட உடைகளை நானே துவைத்துத் தருகிறேன் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டார்.

செய்ததற்குப் பரிகாரம் தேடுகிறாராக்கும் என்று ரேலீன் நினைத்தாள்.

பெரிய பள்ளிகளிடம் தோற்றுத் தோற்று, இந்தத் தடவைதான் அந்தக் கோப்பை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. சின்ன வயதில் ரேலீனும் அதே மேடையில் ஆடி, ஒரே ஒரு மார்க்கில் கோட்டைவிட்டவள். அன்று அழுத அழுகை அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மகள் மூலமாவது கோப்பை வீட்டுக்கு வரும் என்று அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள்.

மிஸ் நோலா சாதாரண ஆள் இல்லை. சிட்னியில் பெரிய மேடைகளுக்காகப் பயிற்சி எடுத்தவர், கோதுமை விவசாயி ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, தகரக் கூரை போட்ட ஊர்க் கூடத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டார். மழை பொய்த்த வருஷங்களில் யாரிடமும் ஃபீஸ் கேட்டதில்லை. முதியோர் இல்லத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிழவர்களை ஆடவைப்பார். பெண்பிள்ளைகள் வெள்ளை கவுன் போட்டு முதன்முதலாகச் சபைக்கு வருகிற நடன விருந்துக்கு வால்ட்ஸ் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். தலை நரைத்த கறிக்கடைக்காரர்கூட அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார். ரேலீனும் அவரிடம் கற்றவள்தானே.

இத்தனையும் கமிட்டிக் கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. டீயும் தேங்காய்த்தூள் கேக்கும் சுற்றி வந்தன. வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

ரேலீன் எழுந்தாள். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம், மிஸ் நோலா. போதும், ஓய்வெடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஏன் அப்படிப் பண்ணீங்க?"

மிஸ் நோலா கையிலிருந்த டீ கப்பைக் கீழே வைத்தார்.

"தப்பு என்னுதுதான் ரேலீன். பாட்டைக் கேட்டதும் காலு சும்மா நிக்கல. வயசாச்சு இல்லையா, கண்ணு."

கூடத்துச் சாவியை மேஜைமேல் வைத்தார். தான் குடித்த கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். போகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு, டாஸ்மேனியாவில் இருக்கும் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். வழியனுப்பக்கூட யாரும் போகவில்லை. ரேலீனுக்கு அன்று போக வேண்டும் போலத்தான் இருந்தது. துணி துவைக்கிற வேலை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புது டீச்சர் மிஸ் டேனிகா வந்தாள். சின்னப் பெண், சுறுசுறுப்பு. முதல் வகுப்புக்குக் கிளம்பும்போதே பிப்பா வயிறு வலிக்கிறது என்றாள். ரேலீன் விடவில்லை, இழுத்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பு ஆரம்பிக்குமுன் மிஸ் டேனிகாவிடம் அந்தக் கதையைச் சொன்னாள். எத்தனையோ பேரிடம் சொன்ன கதை, இப்போது அவளுக்கு நடித்தே காட்ட வந்துவிட்டது.

"திரையை விலக்கிக்கிட்டு வந்தாங்க பாருங்க, அடேயப்பா! ஆடினது போதாதுன்னு, பாட்டில் தண்ணி மொத்தத்தையும் மேடையில கொட்டி..."

மிஸ் டேனிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து ஷூவுக்கு வார் கட்டிக்கொண்டிருந்த பிப்பா நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"சிரிக்காதம்மா. அது அவங்க கொட்டினது இல்ல. ஆட்டத்துக்கு நடுவுல அடி மறந்துபோச்சு. கோப்பை போச்சுன்னா நீ திட்டுவியேன்னு பயத்துல நான்தான் நின்ன இடத்துலேயே... வெள்ளை உடையெல்லாம் நனைஞ்சுடுச்சு. எல்லாரும் என்னைப் பார்க்கறதுக்குள்ள அவங்க அந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வந்து ஆடிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ்னு நான்தான் கெஞ்சினேன்."

ரேலீனின் கை, நடித்துக்காட்டிய நிலையிலேயே நின்றுவிட்டது.

"அவங்க பாட்டில் நிறையத்தாம்மா இருந்துச்சு. திரும்பி வரப்போ பஸ்ல, அழுது அழுது தொண்டை காஞ்சுபோச்சேன்னு எனக்குத்தான் குடிக்கக் குடுத்தாங்க."