கதவில் இரண்டு சத்தம்

சட்டென்று எட்டி, பர்வீஸின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார் டிரைவர் யதுல்லா.

"அதைத் தொடாதீங்க ஐயா!"

பர்வீஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்டாட்டி எதிரில், நடுத்தெருவில், ஒரு டிரைவர் கையைப் பிடிப்பதா?

"கையை எடுய்யா! கதவைத் தட்டப் போனா, திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறே?"

யதுல்லா கையை எடுத்தார். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

சுற்றுலா வந்தவர்களை டீக்காக யதுல்லா கூட்டி வந்த வீடு; ஈரானின் யஸ்த் நகரத்துப் பழைய மரக்கதவு அது. ஒரு பக்கம் கனத்த இரும்புத் தடி, ஆண்கள் தட்டுவதற்கு. மறுபக்கம் மெல்லிய வளையம், பெண்கள் தட்டுவதற்கு. சத்தத்தை வைத்தே வந்திருப்பது ஆணா பெண்ணா என்று உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பர்வீஸின் மனைவி மெஹ்ரி, மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இஸ்ஃபஹானில் கிளம்பியதிலிருந்தே அவள் பிரமித்துப் போய்த்தான் வருகிறாள். அங்கே மசூதியின் நீலக் குவிமாடத்தின் அடியில் அண்ணாந்து நின்றபோது கழுத்து வலித்ததுகூடத் தெரியவில்லை. வழியில் உப்புப் பாலைவனத்தின் நடுவே யதுல்லா வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தார். "கேளுங்கம்மா" என்றார். ஒன்றுமே கேட்கவில்லை. காக்கை இல்லை, காற்று இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டு அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மடியில் சிணுங்கிக்கொண்டிருந்த மகள்கூட வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மனிதரா இப்படி?

"இந்தச் சத்தத்தைக் கேக்கத்தானேய்யா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றான் பர்வீஸ்.

"அடுத்த தெருவுல இதே மாதிரி கதவு இருக்குங்க. அங்க ஆசை தீரத் தட்டுங்க. இங்க வளையம்தான்."

"நான் என்ன பொம்பளையா? ஏன், இந்தத் தடி தங்கமா?"

"துருப்பிடிச்சிருக்குங்க. கையோட வந்துடும்."

பர்வீஸ் குனிந்து பார்த்தான். தடி எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"பொய் வேறயா! இரு, உன் முதலாளிக்குப் போன் போடறேன். நாளைக்குக் கெர்மானுக்கு வேற டிரைவர் வரட்டும்."

யதுல்லாவின் முகம் தொங்கிப்போனது.

"ஏற்கெனவே என் மேல ஒரு புகார் இருக்குங்க ஐயா. இன்னொண்ணு போச்சுன்னா வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"தெரியுதில்ல? வழியை விடு."

"அது மட்டும் முடியாதுங்க."

"என்னங்க, விடுங்களேன்" என்று மெஹ்ரி கணவனின் சட்டையை இழுத்தாள். அவன் போனில் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

அந்த நேரம் ரொட்டிக்காரர் ஒருவர் வந்தார். மலை மாதிரி ஆள். தோளில் துண்டு போல நீள நீள ரொட்டிகள். அவ்வளவு பெரிய கையின் இரண்டு விரலால் வளையத்தை எடுத்து, டிங் டிங் என்று தட்டினார்.

பர்வீஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "ஏன்யா, இந்தத் தெருவுல ஆம்பளையே கிடையாதா?"

ரொட்டிக்காரர் ஒருதரம் யதுல்லாவைப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டே, "இந்த வாசல்ல இல்லைன்னே வச்சுக்கோங்க" என்றார்.

கதவு திறந்தது. பூப்போட்ட முக்காடு போட்ட வீட்டுக்காரி இஃபத் கானும் நின்றாள்; 'கானும்' என்பது அங்கே பெண்களுக்கு மரியாதைச் சொல். அறுபது தாண்டிய அம்மாள்.

"யாரோ பொண்ணுன்னு வந்தா நீயா, மீசைக்காரி! யதுல்லா, நீயும் இருக்கியா? விருந்தாளிங்களை ஏன்டா வெயில்ல நிக்க வச்சிருக்கே? வாங்கம்மா, குழந்தைக்கு முகமெல்லாம் சிவந்துபோச்சு பாரு."

உள்ளே போனதும் மெஹ்ரி மறுபடி பிரமித்து நின்றாள். வெளியே அடுப்பு மாதிரி வெயில். இங்கே, கூரைக்கு மேலே வானத்தைப் பார்த்து நிற்கும் காற்றுக்கோபுரம் எங்கிருந்தோ காற்றைப் பிடித்துக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. மின்விசிறி கிடையாது, மெஷின் கிடையாது. குழந்தையின் நெற்றி முடி தானாகப் பறந்தது. யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு.

டீயும் பாதாம் வைத்த பலகாரமும் வந்தன. பர்வீஸ் தொடவில்லை. நம்பர் கிடைத்துவிட்டது. போன் கையிலேயே இருந்தது.

"உங்க கதவுத் தடியை நான் தொடவே கூடாதாம். இந்த ஆள் கையைப் பிடிச்சு முறுக்கறார். நீங்களே நியாயம் சொல்லுங்க கானும்."

வாய்க்குக் கொண்டுபோன டீயை யதுல்லா அப்படியே கீழே வைத்தார். "அக்கா, அது ஒண்ணுமில்ல..."

"நீ சும்மா இருடா!" இஃபத் கானும் சிரித்தாள். "இவன் மட்டுமில்ல தம்பி, இந்தத் தெரு ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தான். ஈராக்கோட போர் முடிஞ்ச வருஷத்துலேருந்து ஒருத்தனுக்கும் பழைய முறை ஞாபகமில்ல. டாக்டர் வந்தாலும் வளையம், தபால்காரர் வந்தாலும் வளையம். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். சரி, அதுவும் எனக்கு நல்லதாத்தான் போச்சு."

"எப்படிம்மா?" என்றாள் மெஹ்ரி.

இஃபத் கானும் பலகாரத் தட்டைப் பர்வீஸின் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"எப்பவாவது அந்தத் தடி சத்தம் கேட்டா, வேற யாரோன்னு யோசிக்கவே வேண்டாம். போருக்குப் போன என் வீட்டுக்காரர்தான் வந்துட்டார்னு ஓடிப்போய்க் கதவைத் திறந்துடலாம் பாரு!"