வேர் அல்ல

மனித குலம் பெற்ற அறிவு முழுவதும் கண் வழியாக வந்தது. நாக்குக்கு அதில் பங்கு கிடையாது.

கல்லூரிப் பேருந்து காரை கிராமத்துப் புதைபடிவப் பள்ளங்களை அடையும் முன்பே அவன் இதை அறிவித்துவிட்டான்.

காரணம் உடன் படிக்கும் ஜெசிந்தா. கல்லை எடுப்பாள். நக்குவாள். பார்ப்பாள். ஈரம் பட்டால் மங்கிய கோடுகள் தெரியும். நிலவியல் படிக்கிறவர்களின் பழைய வழக்கம்.

ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே அவள் நக்கிக்கொண்டு போனபோது, தொட்டுக்கொள்ள ஊறுகாய் வேண்டுமா என்று மரியாதையாக விசாரித்தான். வகுப்பே சிரித்தது.

இப்போது அவள் பை நிறைந்திருந்தது. பேருந்தில் இருந்தாள். எல்லாரும் பேருந்தில் இருந்தார்கள்.

அவன் மட்டும் கீழே. கையில் ஒரே ஒரு கல்.

அம்மோனைட் என்ற ஆதிக் கடல் பிராணியின் ஓடு என்றால் கிடாக்கொம்பு போல் சுருண்டிருக்க வேண்டும். இது சுருளவில்லை. நேராக வளர்ந்து, திடீரென்று மனம் மாறி, குடைக் கைப்பிடியாகத் திரும்பியிருந்தது. அப்படியும் ஒரு குடும்பம் கடலில் இருந்தது. கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். பூண்டோடு அழிந்துபோனது.

பேராசிரியர் படிக்கட்டில் நின்றபடியே பார்த்தார்.

"வேருடா அது. கல்லாப் போன வேரு."

அம்மோனைட்தான் சார் என்றான்.

"அப்ப கோடு எங்க? காட்டு. இல்லேன்னா போட்டுட்டு ஏறு."

அவர் ஒப்புக்கொள்ளாத கல் வண்டியில் ஏறாது. கல் இல்லாமல் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாமல் இந்த வருடம் பட்டம் இல்லை. இதுதான் கடைசிக் களப்பயணம்.

கொத்தமல்லி இலையின் ஓரம் போல் நெளிந்த கோடுகள் அம்மோனைட்டில் இருக்கும், வேரில் இருக்காது. ஒன்று தெரிந்தால் போதும்.

வெயிலுக்கு நேராகப் பிடித்தான். சாய்த்துப் பிடித்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

வெளுத்த கல். வேறொன்றுமில்லை.

தண்ணீர் பாட்டில் காலி. துப்பிப் பார்த்தான். காய்ந்த வாய் காற்றைத்தான் துப்பியது.

பேருந்து உறுமியது. ஹாரன் அடித்தது.

இந்தப் பக்கத்துச் சன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை. ஒன்று ஜெசிந்தாவுடையது. அவள் அவனைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

பிறகு எழுந்து எதிர்வரிசைக்குப் போனாள்.

"ஏய், இங்க வந்து பாருங்கடி. மயிலு."

தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயின. பேராசிரியருடையதும்.

அந்தப் பக்கம் வெறும் பள்ளம்.

அவன் கல்லை முகத்தருகே கொண்டுபோனான்.

கண்களை மூடிக்கொண்டான்.