மெதுவா ஏறட்டும்

அவள் உடுப்பைக் கழற்றவில்லை.

மற்றவர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள். முதியோர் மருத்துவ ஆராய்ச்சிக்கு இந்த வருடம் சேர்ந்தவர்களுக்கான பயிற்சி இது. முட்டியை மடக்கவிடாத பட்டை. கணுக்காலில் மணல் பை. காதில் அடைப்பான். கண்ணில் மங்கிய மஞ்சள் கண்ணாடி. கொஞ்ச நேரம் கிழடாகிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தள்ளாடினார்கள், சிரித்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். எல்லாரும் டீ குடிக்கப் போயாயிற்று.

அவள் படிக்கட்டைப் பார்த்து நடந்தாள்.

இரண்டாவது மாடியில் டீன் அறை. அதற்கு அடுத்த அறைகளுக்குத்தான் முதியோர் பிரிவு போகப்போகிறது. இப்போது பிரிவு இருக்கும் கீழ்த்தளத்துக்குப் புது ஸ்கேன் மெஷின் வருகிறதாம். லிஃப்ட்? அது டாக்டர்களுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் மட்டும்.

நேற்றுக் கூட்டத்தில் டீன் சொன்ன அழகு இருக்கிறதே!

"படிதானே? மெதுவா ஏறட்டும்."

சுற்றி இருந்த தலையெல்லாம் ஆடியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் செண்பகவல்லி வாயே திறக்கவில்லை. அவளுடைய வழிகாட்டி. அந்தப் பிரிவையே கட்டி எழுப்பியவர். வயசாளிக்காகப் பேசுறதும் வைத்தியந்தான் என்று வகுப்புக்கு வகுப்பு சொன்ன வாய் அது. மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தினமும் லிஃப்டில் போய் இறங்குகிற டாக்டருக்குப் படியைப் பற்றி என்ன கவலை?

முதல் படி.

அம்மாடி.

கால் வர மறுத்தது. இடுப்பிலிருந்து தூக்கி வைக்க வேண்டியிருந்தது. படியின் விளிம்பு எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

திட்டம் ஒன்றும் பெரிதில்லை. இதே கோலத்தில் டீன் முன்னால் போய் நிற்பாள். மூச்சு வாங்குவாள். அவர் கேட்கட்டும், என்னம்மா இது கூத்தென்று. இன்று மாலை இடமாற்ற உத்தரவில் அவர் கையெழுத்துப் போடுவதற்குள் கேட்கட்டும்.

கீழே டாக்டரின் குரல்.

"ஏ ரஹ்மத்து! எங்க போற? கழத்திட்டு வா. ஒன் ஆராய்ச்சியும் அந்தாளு கையெழுத்துலதான் கெடக்கு, தெரியும்லா?"

அடைப்பானைத் தாண்டிக் கேட்டது. கேட்காதவள்போல் ஏறினாள். காது கேட்காத வயதுதானே இப்போது!

தெரியும். எல்லாம் தெரியும். ஆராய்ச்சி போனால் போகட்டும். பேசாமல் இருந்து வாங்குகிற பட்டத்தை வைத்துக்கொண்டு யாருக்கு வைத்தியம் பார்ப்பது?

முதல் மாடித் திருப்பத்தில் நின்றாள். வியர்வை கண்ணாடிக்குள் வழிந்தது. இன்னும் ஒரு மாடி. நெஞ்சு படபடவென்று அடித்தது.

பிடித்திருந்த கைப்பிடி ஆடியது.

யாரோ கீழே அதைப் பிடித்து ஏறி வருகிறார்கள். தடுக்கத்தான் வருகிறார்கள். வரட்டும். ஒரு கை பார்த்துவிடலாம்.

திரும்பினாள்.

டாக்டர்தான்.

புடவைக் கொசுவத்தை ஒரு கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். மறு கை கைப்பிடியில். வலது காலைப் படியில் வைத்தார். இடது காலை இழுத்து அதே படியில் சேர்த்தார். நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்த படி. மறுபடியும் வலது கால்.

இவரும் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாரா?

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

டாக்டரின் காலில் மணல் பை இல்லை. முட்டியில் பட்டை இல்லை. வீக்கம் மட்டும் இருந்தது.

இதற்காகத்தான் தினமும் லிஃப்டா?

டாக்டர் நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. கண்ணில் மட்டும் நேற்றில்லாத கோபம்.

"என்ன பாக்க? ஏறுளா. நான் மெதுவாத்தான் வருவேன். அவரு காத்துக் கெடக்கட்டும்."