தப்பான வாசல்

“நான் டொமெஸ்டிக்குண்ணே. இதுதான் என் வாசல். இங்கேருந்து ஒரு அடி நகர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பெட்டியை வழியில் நட்டநடுவில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள் தங்கச்சி.

அவள் ஒன்றும் அவனுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகிற ஏஜென்ட் அவன். கூட்டிப்போகிற பெண்கள் எல்லாருமே அவனுக்குத் தங்கச்சிதான். கேட்கிறவர்களுக்கு இப்படி ஓர் அண்ணன் நமக்கு இல்லையே என்றிருக்கும்.

“அய்யோ தங்கச்சி, இது உள்நாட்டு விமானத்துக்குப் போற டெர்மினல். நாம வெளிநாடு போறோம். இன்டர்நேஷனல் அடுத்த ஸ்டாப். பாதியில ஏன் பஸ்ஸைவிட்டு இறங்கினே?”

“நீங்கதானே சொன்னீங்க? உனக்கு டொமெஸ்டிக் விசா, டொமெஸ்டிக் வேலை, யார் கேட்டாலும் டொமெஸ்டிக்னு சொல்லுன்னு? இப்ப மாத்திப் பேசுறீங்களே! டிராலி தள்றவர்கிட்டக் கேட்டுட்டேன். இதுதான் டொமெஸ்டிக்காம்.”

ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டான். ஊரிலிருந்து முதல் விமானத்தில் வந்து இங்கே இறங்கியதிலிருந்தே அவள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள்.

“நான் வேலை பாக்கப்போற வீட்டு அட்ரஸைச் சொல்லுங்கண்ணே, வீட்ல சொல்லணும்” என்று கேட்டாள். “அங்க போனா தெரிஞ்சிடும்” என்றான். “என் பாஸ்போர்ட்டையாவது குடுங்க” என்றாள். “நீ தொலைச்சுடுவே” என்று அதைத் தன் கைப்பையில் இன்னும் அடியில் தள்ளினான். இரண்டு வருஷம் எந்த வீட்டில், எவன் தயவில் கிடக்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இதில் வீட்டுக்கு என்னத்தைச் சொல்வாள்?

டெர்மினல் மாறுகிற பஸ்ஸைப் பிடிக்க மேல்தளத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவன் லிஃப்டைப் பார்த்து நடந்தபோது, “அது ஓடாதுண்ணே, படியிலயே போயிடலாம்” என்றாள். லிஃப்ட் கதவில் இங்கிலீஷில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு அவனும் படிக்குத் திரும்பினான்.

பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டே வந்தாள். பிள்ளை போட்டோவாக இருக்கும், பார்த்து அழுது தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டான். விட்டதற்குத்தான் இந்தக் கூத்து.

“எழுந்திரு தங்கச்சி. கவுன்ட்டரை மூடிடுவாங்க.”

“மூடட்டும்.”

“அட, மேல பாரு! போர்டுல பெருசா எழுதிப் போட்டிருக்கான்.”

“எனக்கென்ன இங்கிலீஷா தெரியும்? நீங்க சொல்லிக்குடுத்த வார்த்தை அது ஒண்ணுதான். இப்ப அதையும் இல்லைங்கிறீங்க!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏஜென்ட்டுக்கு மானம் போயிற்று. அண்ணன் வேஷம் அதோடு கலைந்தது.

“ஏய், எழுந்திருடி!” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“கையை எடுங்க!” அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற காவலர் ஓடிவந்துவிட்டார்.

“என்ன சார் இங்க பிரச்னை?”

“ஒண்ணுமில்லை சார்” என்று ஏஜென்ட் குழைந்தான். “படிக்காத பொண்ணு. வீட்டு வேலைக்கு டொமெஸ்டிக்னு சொன்னதை, இந்த வாசல்னு நெனச்சுக்கிட்டு அடம் பிடிக்குது. யூனிஃபார்ம் போட்டவங்க சொன்னா கேக்கும். நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ஆமா, அவரே சொல்லட்டும்!” என்றாள் தங்கச்சி. “என் பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு, இது உன் வாசல் இல்லைன்னு அவர் சொல்லட்டும். பேசாம உங்க பின்னாடி வந்துடறேன்.”

விட்டால் போதும் என்று ஏஜென்ட் கைப்பையைத் துழாவி பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். காவலர் படத்தையும் முகத்தையும் பார்த்தார்.

“சரி, டிக்கெட்?”

“இதோ சார்...” என்று ஏஜென்ட் மறுபடி பைக்குள் கையை விட்டான். அதற்குள் தங்கச்சி எழுந்து தன் போனைக் காவலரிடம் நீட்டிவிட்டாள். அவர் திரையையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் அவள் கையிலேயே கொடுத்தார்.

“போங்கம்மா. நேரம் இருக்கு, ஓட வேண்டாம்.”

அவள் ஓடவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நிதானமாகவே உள்ளே போனாள். பின்னாலேயே பாய்ந்த ஏஜென்ட்டின் நெஞ்சில் காவலரின் கை வந்து நின்றது.

“உங்க டிக்கெட்டைக் காட்டுங்க... இது இன்டர்நேஷனல் டிக்கெட் சார். இந்த வாசல்ல உங்களை விட முடியாது.”

“சார், அவ தப்பான வாசல்ல போறா! போர்டைக்கூடப் படிக்கத் தெரியாதவ சார் அவ!” என்று ஏஜென்ட் அலறினான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவள் நின்று திரும்பினாள்.

“ஊருக்குப் போறேன்டா. போர்டைப் படிச்சுட்டுத்தான் இறங்கினேன்!”