நீட்டிய சிவப்புப் பலகை

தான் ஓட்டிவந்த ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிய இருதயராஜ், முன்னால் நின்றிருந்த பள்ளிப் பேருந்தின் கதவைத் தட்டினான். ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஆசிரியர் வேலைக்குத் தேர்வு எழுதப் போகும் தங்கை ஆட்டோவில் இருந்தாள்.

“அண்ணே, பஸ் பக்கவாட்டுல நீட்டியிருக்குற அந்தச் சிவப்பு ‘நில்’ பலகையை மடக்குங்க. நீட்டியிருக்கப்போ தாண்டினா பஸ் கேமரா புடிச்சிரும். எனக்கு இது மூணாவது தடவை, லைசென்ஸே போயிடும்.”

“ரெண்டு நிமிஷம் நிறுத்தியே ஆகணும் தம்பி,” என்றார் டிரைவர்.

“நீ கெஞ்சி முடிக்கறதுக்குள்ள நான் நடந்தே போயிருப்பேன்,” என்றபடி தங்கை ஹால் டிக்கெட்டோடு பின்னால் வந்து நின்றாள்.

“பிள்ளைங்களைச் சீக்கிரம் இறங்கச் சொல்லுங்கண்ணே,” என்றான் இருதயராஜ்.

“பிள்ளைங்க ஏது? கேமரா கம்பெனியோட நகராட்சி போட்ட ஒப்பந்தம் அஞ்சு வருஷத்துக்கு, அதான் காலி பஸ்ஸை ஓட்டுறோம். அந்தக் கம்பெனிக்குப் பணம் கட்ட முடியாம ஸ்கூலை ஜூன்லயே மூடிட்டாங்க.”