ஈரம் காயும் நேரம்

கோவையில் பம்ப்செட் வடிவமைக்கும் ஓர் அலுவலகம். அங்கே எதற்கு எவ்வளவு செலவு செய்வது என்று கட்டடத்தை நடத்தும் கணினியே முடிவெடுக்கும்; எல்லாரும் அதைக் 'கட்டடம்' என்றே சொல்வார்கள். மூன்றாம் மாடியைச் சோதனையாக ஒரு மாதம், ஒரு நாள் இயந்திரமும் மறுநாள் துப்புரவு வேலை பார்க்கும் மயிலாத்தாளுமாகத் துடைத்தார்கள். இன்று கட்டடம் தீர்ப்புச் சொன்னது.

"இயந்திரத்துக்குச் செலவு குறைவு. சுத்தமும் அதிகம்."

மயிலாத்தாள் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். "அப்ப நான் கெளம்பறேனுங்க."

"இருங்கக்கா, அது இன்னும் பேசி முடிக்கல" என்றான் மேலாளர் கிருபாகரன்.

"ஆனால், மயிலாத்தாள் துடைக்கும் நாட்களில் இங்கே ஒன்றரை மடங்கு வேலை நடக்கிறது" என்றது கட்டடம். "காரணம் தெரியவில்லை. தெரியும்வரை அவர் தொடரலாம். தெரிந்தவர்கள் சொல்லவும்."

எல்லாருக்கும் தெரியும். இயந்திரம் துடைத்தால் தரை உடனே காய்ந்துவிடும். மயிலாத்தாள் துடைத்தால் கால் மணி நேரம் ஈரம் இருக்கும். மிதித்தவரை அவள் சும்மா விடமாட்டாள். டீக்குப் போக வழியில்லாமல், வெள்ளத்தில் படகேறியவர்களைப் போல நாற்காலிகளில் கால்களைத் தூக்கி உட்கார்ந்திருப்பார்கள். பொழுது போகாமல் பக்கத்தில் இருப்பவர் வரையும் பம்ப் வரைபடத்தை எட்டிப் பார்ப்பார்கள். "இந்த வால்வு தலைகீழா இருக்கே!" என்று யாராவது கத்துவார்கள்.

இப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் திரைக்குள் குனிந்துகொண்டார்கள்.

"நீங்களும் சொல்லிடாதீங்கக்கா" என்று கிருபாகரன் கிசுகிசுத்தான்.

"நான் எதுக்குங்க சொல்றேன்?" மயிலாத்தாள் துடைப்பானை வாளியில் முக்கினாள். "மொதல்ல காலத் தூக்குங்க."