இன்னுங் கொஞ்சம் லூசா

“தோள்கிட்ட இன்னுங் கொஞ்சம் லூசா இருக்குதுங்க, தம்பி.”

பொய்.

தோளில் மாட்டிய பட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைகூட அவருக்கு இவ்வளவு பொருந்தியதில்லை.

போஸ்கோ முகம் சுளிக்காமல் படகின் மறுமுனையிலிருந்து திரும்பி வந்தான். கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போகிறவன். பாம்பன்காரன், முப்பது வயதுக்குள் இருக்கும். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

முதல் தடவை அவர் சொன்னது உண்மைதான். அதில் அவர் மேல் பழி போடக் கூடாது. முதுகில் காற்று சிலிண்டர் ரொம்ப உயரத்தில் நின்றது. அண்ணாந்து பார்த்தால் வால்வு பின்மண்டையில் இடித்தது. போஸ்கோ சிலிண்டரைக் கழற்றினான். அதைச் சுற்றிக் கட்டும் பட்டையைக் கடல்தண்ணீரில் முக்கியெடுத்து, நான்கு விரல் இறக்கிக் கட்டினான். காய்ந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீருக்குள் போனதும் நெகிழ்ந்துவிடுமாம்.

பிறகு அவருக்கு மாட்டிவிட்டான். தோளைப் பிடித்து நிமிர்த்தினான். விலாவில் ஒரு கை கொடுத்து, மறு கையால் பட்டையை இழுத்தான். நெஞ்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தான்.

அந்த இரண்டு விரல்.

அவர் அசையாமல் நின்றார்.

“மூச்ச விடுங்க சார். விட்டாத்தான் அளவு தெரியும்.”

விட்டார். அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு, இரண்டாவது தடவை, பொய்யை வாய் கூசாமல் சொன்னார்.

கரூரில் அவர் வீட்டில் அவர் மட்டும்தான். ஆறு வருடமாகிறது. தொடுகிறவர்கள் என்று பார்த்தால் முடி வெட்டுகிறவர் ஒருவர். அவரும் பாதி நேரம் செல்போனைத்தான் தொட்டுக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையைப் பிடிப்பது துணிப்பட்டை, நர்ஸ் இல்லை. பெரிய ஜவுளிக்கடை வாசலில் சோதனை போடுகிற காவலாளிகூடக் கருவியை ஒரு சாண் தள்ளியே ஆட்டுகிறார்.

மீன் பார்க்க அவர் வரவில்லை. பஸ் நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருந்தது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் கூடவே இருப்போம்.

அந்த இரண்டாவது வரிக்காக ஒரு மனிதர் ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருவாரா?

வந்திருக்கிறார்.

படகில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்றும் வந்திருந்தது. ஒருவர் பட்டையை ஒருவர் இழுத்துவிட்டு ஓயாமல் சிரித்தார்கள். அவர்கள் வேறொரு ஆளோடு இறங்கிப் போய்க் கால்மணி நேரமாகிவிட்டது. படகோட்டி இவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

மூன்றாவது தடவையும் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, போஸ்கோ அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“பயமா இருந்தா சொல்லிருங்க சார். ஒன்னும் தப்பில்ல. கரைக்குப் போயிருவோம்.”

பயம் இருந்தது என்னவோ உண்மை. ஆனால் அது கரை என்று கேட்டதும் வந்த பயம். கரையில் போஸ்கோ இதையெல்லாம் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவான்.

“இப்ப செரியாப் போச்சுங்க” என்றார்.

இறங்கினார்கள்.

மீன்கள் இருந்தன, சொன்னபடியே. மஞ்சளில் சில. கறுப்புக் கோடு போட்டவை ஒரு கூட்டம். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். போஸ்கோவைத்தான் காணவில்லை.

கூடவேதான் இருந்தான். முதுகுக்குப் பின்னால், சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடி. புது ஆட்களை அப்படித்தான் நடத்திப் போவார்கள். பிடித்திருப்பது சிலிண்டருக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு பொய் சொல்லி, கடலுக்கடியிலும் அவர் தனியாகவே இருந்தார். அழுகை முட்டியது. வாயில் காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு அழ முடியாது.

ஏதாவது சரியில்லை என்றால் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும்.

ஆட்டினார்.

உடனே போஸ்கோ முன்னால் வந்தான். காற்றின் அளவைப் பார்த்தான். நிறைய இருந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தான். முகக்கண்ணாடி விளிம்பை ஒரு சுற்றுத் தடவினான். எல்லாம் சரி. கட்டைவிரலை மேலே காட்டினான். ஏறிவிடலாமா?

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம்.

அப்புறம் என்ன என்று இரண்டு கையையும் விரித்தான்.

இறங்குமுன் ஏழு சைகை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காற்று போதவில்லை. காது வலிக்கிறது. மேலே. கீழே. நில். இன்னும் இரண்டு.

இதற்கு இல்லை.

அவர் போஸ்கோவின் கையைப் பிடித்தார். அதைக் கொண்டுவந்து தன் தோளில், பட்டையின் மேல் வைத்தார்.

போஸ்கோ இழுத்துப் பார்த்தான். இம்மியும் நகரவில்லை. கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

இரண்டாவது முறை இழுக்கவில்லை.

கையையும் எடுக்கவில்லை.